ஒரே தட்டில் மூன்று பூனைகள்

நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மத்தி வாங்கி வந்து, குழம்புச் சோற்றோடு பிசைந்து, குட்டியும் கிழமும் கருத்தடை செய்யப்பெற்றுப் பருத்ததுமாக வீட்டிலுள்ள பூனைகள் யாவற்றிற்கும் ஒரே தட்டில் வைத்துவிடும் வழக்கம், அன்பினால் விளைந்ததே எனினும், அந்த ஜீவன்களுக்கு ஹிதமானதன்று என்பதே என் திடமான அபிப்பிராயம்.

பூனை இயல்பிலேயே மாமிச பக்ஷிணி. டாரின் என்னும் சத்தைப் போதிய அளவு தன் தேகத்திலேயே உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. அது குறைந்தால் இருதயம் விரிந்து பலமிழக்கும் என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் வெளியிட்டார்கள். ஆகவே வெறும் தயிர்சாதம் எந்தப் பூனைக்கும் போதாது. குழம்பிலுள்ள வெங்காயமோ இரத்தத்தின் சிவப்பணுக்களையே சிதைக்கும்.

வளரும் குட்டிக்குப் புரதமும் கொழுப்பும் மிகுதியாக வேண்டியிருக்க, சிறுநீரகம் நலிந்த கிழப்பூனைக்குப் பாஸ்பரஸ் குறைந்த ஆகாரமே தகும். முள்ளோடு அரைத்த மீனும் கருவாடும் அதற்கு ஆகா. கருத்தடை செய்ததற்கு அளந்தே வைக்கவேண்டும். ஆதலால் காலையும் மாலையும் தனித்தனி அறைகளில் கதவடைத்து உண்ணவிட்டு, அரைமணியில் மிச்சத்தை எடுத்துவிடுவதே உத்தமம். இடமில்லாத வீட்டில், குட்டி மட்டுமே நுழையத்தக்க துவாரமிட்ட அட்டைப்பெட்டி ஒன்று போதும். கிழப்பூனையின் பத்தியத்தையோ, குரும்பாப்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி போன்ற இடத்தில் இரத்தப் பரிசோதனை செய்தே நிர்ணயிக்கவேண்டும். புதிய உணவை ஒரு வாரத்துக்குமேல் சிறுகச் சிறுகக் கலந்து பழக்குங்கள். திடீரென மாற்றினால் பூனை உண்ண மறுக்கக்கூடும்; பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே அதன் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே அபாயம் நேரும்.