மட்டாஞ்சேரியில் மறையாத கதிரவன்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று நீரை நோக்கினால் நம் முகம் கிழக்கே திரும்பியிருக்கும். எதிரே தெரிவது வெல்லிங்டன் தீவு, அதற்கப்பால் எர்ணாகுளம். ஆகவே அந்நீர்ப்பரப்பின்மேல் கதிரவன் உதிப்பானேயன்றி ஒருநாளும் மறைய மாட்டான். மறையும் கதிரவனைக் காண விரும்புவோர் மேற்கே ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குத்தான் செல்ல வேண்டும். ஆனால் இன்று அந்த நடையும் தேவையில்லை. மட்டாஞ்சேரித் துறையில் மாலை ஐந்து மணிக்கு எடுத்த ஒரு படத்தில், கைப்பேசிச் செயலியின் துணையால் செக்கச்சிவந்த கதிரவனை நீரின்மேல் வைத்துவிடலாம். பார்ப்பவர் வியப்பர். கூர்ந்து பார்ப்பவர் மட்டும் ஐயுறுவர்: கதிரவன் படகுக்குப் பின்னால் இருக்கிறான், வெயிலோ படகின் முன்புறத்தில் பளிச்சென்று விழுகிறது. இவ்விரண்டும் ஒருசேர நிகழ்வது எவ்வாறு?

“படம் அழகாக இருந்தால் போதாதா? இதனால் என்ன கெட்டுப்போயிற்று?” எனச் சிலர் வினவலாம். வாழ்த்து அட்டைக்கும் நாட்காட்டிக்கும் அப்படம் போதும்; அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஓவியர் ஒருவர் கதிரவனைத் தாம் விரும்பும் திசையில் தீட்டினால் அவரை எவரும் பொய்யர் என்பதில்லை. ஒளிப்படத்தின் நிலை வேறு. பொருளின்மீது பட்டுத் திரும்பிய ஒளியே கருவிக்குள் புகுந்து பதிவதால், “இப்பொருள் இவ்விடத்தில் இவ்வேளையில் இருந்தது” என்று ஒளிப்படம் சாட்சி சொல்கிறது. இல்லாததைச் சேர்த்த பின்னும் அதே சாட்சியின் குரலில் அது பேசுமானால், அதனை ஏற்க இயலாது என்பதே என் கருத்து.

சாட்சி என்னும் சொல்லை நான் அலங்காரத்திற்காகச் சொல்லவில்லை. நாம் காணும் வெல்லிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையாக அமைந்ததன்று. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் பொறுப்பில், துறைமுகத்துக்காக நீரடியில் தோண்டி எடுத்த மண்ணை வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. அதற்கு முற்பட்ட படங்களில் இன்றைய தீவு இராது. பழைய படம் ஒன்று வெறுமையாகத் தெரிகிறதே என்று எண்ணி, எதிர்க்கரையில் கட்டடங்களையும் கப்பல்களையும் ஒருவர் சேர்த்துவிட்டால், ஒரு தீவு பிறந்த கதையே அப்படத்திலிருந்து அழிந்துபோகும்.

சீன வலைகளின் கணக்கும் அத்தகையதே. உயர்ந்த மரச்சட்டங்களில் விரிந்து, கயிறுகளில் தொங்கும் கற்களின் எடையால் சமன் செய்யப்பட்டு, நால்வரேனும் சேர்ந்து இழுத்தால் எழும் வலைகள் அவை. முற்காலத்தைவிட இப்போது அவை குறைந்துவிட்டன. எந்த ஆண்டில் எத்தனை வலைகள் நின்றன என்று நாளை ஆராய்பவர் படங்களை வைத்துத்தான் எண்ண வேண்டியிருக்கும். காலியிடம் கண்ணுக்கு நன்றாக இல்லை என்று, பக்கத்து வலையையே நகலெடுத்து அங்கே ஒட்டியவர் அந்தக் கணக்கைக் கெடுத்தவராகிறார். அவருக்கு அந்த எண்ணமே இல்லாதிருக்கலாம். கணக்கு கெட்டது கெட்டதுதான்.

நம் சென்னையில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் பெருமழையால் அந்நகரம் வெள்ளக்காடாயிற்று. வானிலிருந்து வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட்ட காட்சி என்று பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படத்தை வெளியிட்டது. சன்னலின் வட்டத்துக்குள் வீடுகளும் சூழ்ந்த வெள்ளமும் துலக்கமாகத் தெரிந்தன. அக்காட்சி வேறொரு படத்திலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது என்பதை மக்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். அலுவலகம் அப்படத்தை நீக்கியது. இரு படங்கள் இணைக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது.

இதில் என்னை வருத்துவது எதுவெனில், அங்கே பொய் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெள்ளம் மெய், பார்வையிட்டதும் மெய், நீரில் நின்ற வீடுகளும் மெய். சன்னல் வழியே மங்கலாகத் தெரிந்ததை மங்கலாகவே விட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை, மெய்யான மூன்றையும் ஐயத்துக்கு இடமாக்கிவிட்டது. மாடிகளில் நின்று உதவிக்குக் காத்திருந்த மக்களைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில், ஊரார் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினர்.

செய்திப்படங்களுக்கான போட்டிகள் இவ்வகையில் கடுமை காட்டுவதற்குக் காரணம் இதுவே. உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு படம், பின்னணியில் தெரிந்த ஒருவரது காலின் சிறு பகுதியை அழித்ததற்காக 2010-இல் நீக்கப்பட்டது. ஒரு காலுக்கா இத்தனை என்று தோன்றும். இன்று காலை அழித்தவர் நாளை ஆளையே அழிக்கலாம் என்பது நடுவர்களின் அச்சமாக இருந்திருக்கும். எனக்கும் அவ்வச்சம் உண்டு.

அப்படியானால், கருவிக்குள் நேரே பதிந்ததெல்லாம் மெய் என்று கொள்ளலாமா? அதுவும் இயலாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2017-இல் ஒரு பிரிவில் வென்ற படம், பிரேசில் நாட்டில் இரவில் ஒளிரும் கறையான் புற்றை நோக்கிச் செல்லும் எறும்புத்தின்னியைக் காட்டியது. அது பாடம் செய்து வைக்கப்பட்ட விலங்கு என்று வல்லுநர்கள் கருதியதால் 2018 ஏப்ரலில் பரிசு திரும்பப் பெறப்பட்டது. படம் எடுத்தவர் அதனை மறுத்தார். எனினும் அங்கே குற்றச்சாட்டு கணினித் திருத்தத்தைப் பற்றியதன்று. கருவியின் முன்னால் எது நின்றது என்பதைப் பற்றியது. நம் திரைப்படங்களிலும் கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இத்தகைய வித்தைகள் இருந்தன. 1940-இல் வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். வில்லையின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியில் அதே நடிகரை மீண்டும் பதிவு செய்வது அக்காலத்துப் படப்பிடிப்பாளர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று. முழுவதும் கருவிக்குள்ளேயே நிகழ்வது, ஆயினும் சேர்க்கைதான்.

இன்றைய கைப்பேசிகளோ இந்த எல்லையை மேலும் குழப்பிவிட்டன. 2023-இல் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டி, அதனைச் சாம்சங் கைப்பேசியால் படமெடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் இருந்தன. நிலவை அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவின் உதவியால் அதன் விவரங்களை மேம்படுத்துவதாக அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. எடுத்தவர் எதையும் சேர்க்கவில்லை, கருவியே சேர்த்துவிட்டது! ஆகவே “நான் திருத்தவே இல்லை” என்று ஒருவர் உறுதி கூறினாலும், இனி அது முழு விடையாகாது.

சேர்ப்பதெல்லாம் தவறு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து நின்ற படம் ஒன்றும் இராது. இருவரில் ஒருவர் மறைந்த பின், தாத்தாவின் வேலை அட்டையிலிருந்து ஒரு முகமும், யாரோ ஒருவரின் திருமணப் படத்திலிருந்து பாட்டியின் முகமும் எடுத்து, ஒளிப்பட நிலையத்தார் இருவரையும் அருகருகே அமர்த்தித் தருவர். முற்காலத்தில் கத்தரியும் தூரிகையும் செய்த வேலையை இன்று கணினி செய்கிறது. 2024-இல் வெளிவந்த கூகுள் பிக்சல் கைப்பேசி ஒன்று, படமெடுப்பவரையும் குழுவுக்குள் சேர்த்துக்கொள்ளும் வசதியுடனேயே வந்தது. மாலையிட்டுச் சுவரில் மாட்டிய அந்த இணைப்படத்தால் ஏமாந்தவர் எவர்? வீட்டார் அனைவரும் உண்மையை அறிவர். அந்தப் படம் ஒரு நிகழ்ச்சியைக் காட்டவில்லை; ஓர் உறவைக் காட்டுகிறது. அதைப் பொய் என்பவர் அன்பின் இயல்பை அறியாதவர்.

ஆனால் ஒன்று: அறிந்தவர்கள் இருக்கும்வரைதான் அந்த அறிவும் இருக்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே படத்தைக் காணும் பேரப்பிள்ளைகள், இருவரும் ஒருநாள் நன்றாக உடுத்திக்கொண்டு ஒளிப்பட நிலையத்துக்குச் சென்றார்கள் என்றே நம்புவர். எனவே படத்தின் பின்புறத்தில் இரு வரிகள் பென்சிலால் எழுதி வைக்கச் சொல்வேன்: எந்த முகம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த ஆண்டில் இணைக்கப்பட்டது என்று. கைப்பேசிப் படமாயின், பெயரிடும்போதே ‘சேர்த்தது’ என்ற சொல்லை இணைத்துவிடலாம். திருத்தாத மூலப்படத்தை அழிக்காமல் தனியே வைக்கலாம்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது கூடுதலாகவே தேவைப்படுகிறது. மட்டாஞ்சேரிக்கு அருகில், ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் சலவைக்கூடம் ஒன்று உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்ட தமிழர்களின் வழிவந்தோர் என்று சொல்லப்படுகிறவர்கள் அங்கே இன்றும் துணி வெளுக்கின்றனர், கஞ்சி போடுகின்றனர், கரி இட்ட கனத்த பெட்டியால் தேய்க்கின்றனர். அரண்மனைகளுக்கும் வணிகர் மாளிகைகளுக்கும் ஆவணங்கள் உண்டு. இத்தகைய உழைப்பாளர்களுக்குப் பல வேளைகளில் ஒளிப்படமே ஆவணம். அங்கே சென்று படமெடுப்பவர்கள், வெள்ளைத் துணிகளின் வரிசை எடுப்பாகத் தெரியும்பொருட்டு வானத்தை நீலமாக்குவதும், குறுக்கே வரும் வாளியை அழிப்பதும் எளிது. வாளியை அழிக்காதீர்கள். துணி உலரும் கயிற்றையும் அருகில் சென்று எடுங்கள். அங்கே கவ்விகள் இல்லை. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கி, அவற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி வைக்கிறார்கள். காற்று எவ்வளவு வீசினாலும் துணி நழுவுவதில்லை.