வீடு விற்பதும் தரகர் தயவும்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கின்றார். அவருடைய கணவர் நெசவாலையில் உழைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீடு கட்டி வைத்துவிட்டு, உயில் ஏதும் எழுதாமல் காலமாகிவிட்டார். மாமனார் மாமியாரும் இல்லை. இரண்டு ஆண் மக்கள், ஒரு பெண். அம்மையாருக்கோ வைத்தியச் செலவு ஏறிக்கொண்டே போகின்றது. ஆகவே வீட்டை விற்றுவிடுவது என்று குடும்பத்தார் முடிவு செய்துவிட்டார்கள். விற்பது எப்படி என்பதில்தான் தகராறு. பிள்ளைகள் இருவரும், "தரகரிடம் விட்டால் நமக்கு அலைச்சல் இல்லை" என்கிறார்களாம். மகள், "நாமே விற்றால் என்ன?" என்கிறாராம். தரகரோ வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "40 லட்சம் உங்கள் கையில் வந்தால் போதுமல்லவா? அதற்கு மேல் வருவது என் சாமர்த்தியம்" என்றும், மகள் கையெழுத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "பெண்பிள்ளைக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தால் போட்டுவிட்டுப் போகிறது" என்றும் சொன்னாராம். "நீங்கள்தான் எதற்கும் தரகர் கூடாது என்று எழுதுகிறவர்களாயிற்றே, இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று அம்மையார் நம்மைக் கேட்கின்றார்.

கேள்வி நியாயமானதேயாகும். ஆனால் நாம் வேண்டாம் என்று சொல்லும் தரகர் வேறு, இந்தத் தரகர் வேறு. அவர் யாரும் கண்டிராத ஒரு சரக்குக்கு நம்மிடம் கூலி வாங்குகின்றவர். வீட்டுத் தரகராவது கையும் காலும் உள்ள ஒரு ஆளைக் கூட்டிவந்து நிறுத்துகின்றார். அவர் வெயிலில் அலைகின்றார். பத்துப் பேருக்கு வீடு காட்டினால் ஒருவரிடத்தில்தான் காசு பார்க்கின்றார். அவர் காட்டிய ஆளையே பின்பக்கமாய்க் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டு, "உங்களால் ஒன்றும் ஆகவில்லையே" என்று கைவிரிக்கும் வீட்டுக்காரர்களும் வாங்குகிறவர்களும் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர்கள் தரகர்களைத் திருடர்கள் என்று பேசுவது நமக்கு வேடிக்கையாகவே இருக்கின்றது. உழைத்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டியதுதான் யோக்கியமாகும்.

ஆனால் அந்தக் கூலி எதற்காகக் கொடுக்கப்படுகின்றது, அதை வாங்குகிறவருடைய லாபமும் நம்முடைய லாபமும் ஒரே பக்கம் போகின்றதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். நமது நாட்டில் தரகு, விலையில் 100-க்கு 1 அல்லது 2 என்பது வழக்கம். பெரும்பாலும் ஒரே தரகர் விற்கிறவரிடமும் வாங்குகிறவரிடமும் வாங்கிக் கொள்ளுகின்றார். இந்த வீட்டையே கணக்கிட்டுப் பாருங்கள். 100-க்கு 1 வீதம் 40 லட்சத்துக்கு விற்றால் அம்மையாரிடம் தரகருக்குக் கிடைப்பது 40,000 ரூபாய். இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, பத்துப் பேரைக் கூட்டிவந்து, 44 லட்சத்துக்கு விற்றால் குடும்பத்துக்கு 4 லட்சம் அதிகம். தரகருக்கோ 4,000 ரூபாய்தான் அதிகம். 4,000 ரூபாய்க்காக எந்தத் தரகர் இரண்டு மாதம் அலைவார்? "வந்த விலைக்குத் தள்ளுங்கள், வீடு பழசாகிறது, சந்தை விழுகிறது" என்றுதான் அவர் சொல்லுவார். நாம் அந்த இடத்தில் இருந்தாலும் நமக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் சிக்காகோ வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் வீடுகளின் விற்பனைக் கணக்கை லெவிட், சைவர்சன் என்னும் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கின்றார்கள். அதில் தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, ஊரார் வீட்டை விற்பதைவிடச் சராசரி ஒன்பதரை நாள் அதிகம் காத்திருந்து, 100-க்கு 3.7 அதிக விலை வாங்கியிருக்கின்றார்கள் என்று கண்டார்கள். தன் வீட்டுக்குப் பொறுமை, பிறர் வீட்டுக்கு அவசரம்! அதே நாட்டில் மாடிசன் என்ற ஊரில் தாமே விற்றவர்களையும் தரகர் மூலம் விற்றவர்களையும் ஒப்பிட்டு 2009-இல் வந்த மற்றோர் ஆராய்ச்சியில், தரகர் மூலம் விற்றவர்களுக்கு விலை ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் தாமே விற்கப் புறப்பட்டவர்களுக்கு நாள் அதிகம் பிடித்தது. அவர்களில் ஒரு பகுதியார் முடியாமல் போய்க் கடைசியில் தரகரிடமே வந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டியது நமது கடமையாகும். அமெரிக்காக் கணக்கு ஈரோட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்ல வரவில்லை. மனிதனுடைய சுபாவம் எங்கும் பெரிதும் மாறுவதில்லை என்று மாத்திரம் சொல்லுகின்றோம்.

இனி அந்த "மேல் விலை" என்னும் தந்திரத்தைக் கவனிப்போம். தரகுக்கூலி 100-க்கு இவ்வளவு என்று பேசினால் அது கூலி. "உங்களுக்கு இவ்வளவு, மேலே வருவதெல்லாம் எனக்கு" என்று பேசினாலோ அவர் தரகர் அல்ல, உங்கள் வீட்டை முதல் போடாமல் வாங்கி விற்கும் வியாபாரி. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், கொஞ்சம் முன்பணம் கொடுத்துத் தங்கள் பேருக்கோ தங்கள் ஆள் பேருக்கோ ஆறு மாதத் தவணையில் கிரய ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குள் வேறொருவரிடம் அதிக விலை பேசி, கடைசியில் உங்களையே அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுவார்கள். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆவது பிரிவு, உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால் அந்த லாபத்தை உரிமையாளர் கேட்கலாம் என்கின்றது. 220-ஆவது பிரிவு, முறைகேடு செய்த முகவருக்கு அந்தக் காரியத்துக்குக் கூலியே கிடையாது என்கின்றது. ஆனால் "மேலே வருவது உமக்கு" என்று நீங்களே தலையாட்டிவிட்ட பிறகு எந்தச் சட்டத்தைக் காட்டி வழக்காடுவது? "பவர்" எழுதிக் கொடுப்பதோ இன்னும் ஆபத்து. பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்காருவது போன்றதே அது.

வாங்க வருகிறவர் பக்கத்துத் தந்திரங்களும் உண்டு. வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் கூடவே கூட்டி வந்து, "ஈசானிய மூலை குறைந்திருக்கிறது, வீட்டுக்காரர் சாகக் காரணமே இதுதான்" என்று அந்த விதவை அம்மாளின் முகத்துக்கு நேரே சொன்னார்களாம். சொல்லிவிட்டு, 3 லட்சம் குறைத்தால் அந்த மூலையை அவர்களே சரிப்படுத்திக் கொள்ளுவார்களாம்! 3 லட்சம் ரூபாயில் சரியாகிவிடும் மூலை ஒரு மனிதனைக் கொல்லுமா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆடி மாதம் வந்துவிட்டால், "இப்போது யார் வாங்குவார்கள்?" என்று அதற்கு ஒரு விலைக் குறைப்பு. முகூர்த்த நாளில் பதிவு அலுவலகத்தில் கூட்டம் தாங்காமல் சர்க்காரே கூடுதல் டோக்கன் கொடுக்க வேண்டியிருக்கின்றது. நாள் நட்சத்திரம் பாராதவர்கள் மற்ற நாட்களில் போய் அரைமணியில் முடித்துவிட்டு வரலாம் என்பது நாம் கண்ட லாபம்.

மற்றொன்று, பணத்தை இரண்டாகப் பிரிக்கும் பித்தலாட்டம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை வகையில் 100-க்கு 7-ம், பதிவுக் கட்டணம் 100-க்கு 2-ம் ஆக 9 ரூபாய் வாங்குகிறவர் கட்டவேண்டும். அதை மிச்சப்படுத்த, பத்திரத்தில் பாதியும் ரொக்கமாய்ப் பாதியும் என்பார். மிச்சம் அவருக்கு, தலைவலி உங்களுக்கு. 2015 ஜூன் முதல் வீடு நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கின தொகை அவ்வளவும் வாங்கினவருக்கே தண்டமாக விதிக்க இடமிருக்கின்றது. இதைத் தரகர் சொல்லமாட்டார்.

சரி, தாமே விற்பதென்றால் என்ன கஷ்டம்? கஷ்டம் உண்டு. "வீடு விற்பனைக்கு" என்று பலகை மாட்டிய அன்றைக்கே போன் அடிக்க ஆரம்பிக்கும். கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் வாங்குகிறவர் வேஷத்தில் வரும் தரகர்களாயிருப்பார்கள். தனியாயிருக்கும் வயதான அம்மாள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அறை அறையாய்த் திறந்து காட்டிக்கொண்டிருக்க முடியாது. வெளிநாட்டில் இருப்பவருக்கும் அது ஆகாத காரியம். அப்படிப்பட்டவர்கள் தரகரை வைத்துக்கொள்ளுவதில் தப்பொன்றுமில்லை. தரகர் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அவரைக் கூப்பிடுவதற்கு முன் நமக்கு நம் வீட்டின் விலையும் பத்திரமும் தெரியுமா தெரியாதா என்பதே பெரிய கேள்வியாகும். தெரியாதவர் தாமே விற்றாலும் ஏமாறுவார், தரகர் மூலம் விற்றாலும் ஏமாறுவார்.

தெரிந்துகொள்ளுவது அப்படியொன்றும் பிரம்மவித்தை அல்ல. பதிவுத்துறை இணையத்தளத்தில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கத்தையும் காசில்லாமல் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பு சர்க்கார் கணக்கே தவிரச் சந்தை விலை அல்ல என்பதை நினைவில் வைத்து, அக்கம் பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகள் என்ன விலை போயின என்று வாங்கினவரையே கேட்கவேண்டும். இந்தக் கடிதம் எழுதிய அம்மையாரின் மகள் அப்படித் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கி விசாரித்ததில், அதே அளவு வீடு ஆறு மாதத்துக்கு முன் 46 லட்சத்துக்குப் போனது தெரியவந்ததாம். அந்த 6 லட்சம்தான் தரகர் சொன்ன "சாமர்த்தியம்"!

மகள் கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். அந்த வீடு தகப்பனார் தாமே சம்பாதித்தது. உயில் இல்லாததால் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பெண்களுக்கு ஆண்களைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்தபோது சிரித்தவர்கள் பலர். முன்னோர் சொத்திலும் பெண்ணுக்குச் சமபங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இவ்வளவும் ஆன பிறகும் 10 லட்சம் ரூபாய்ப் பங்குக்கு ஒரு பட்டுப் புடவையா? தரகர் சொன்னதுகூட நமக்கு ஆச்சரியமில்லை. அதைக் கேட்டுக்கொண்டு கூடப்பிறந்தவர்கள் இருவரும் வாய் மூடியிருந்தார்களே, அதுதான் வெட்கக்கேடு. நால்வரும் கையெழுத்துப் போட்டு, நால்வர் கணக்கிலும் நேராகப் பணம் வரவேண்டும் என்று வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் சரி. நல்ல வக்கீலை வைத்துக்கொண்டு வாங்குகிறவரும் அதைத்தான் கேட்பார்.

ஆகவே அம்மையாருக்கு நாம் எழுதிய பதில் இதுதான்: தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி எல்லாம் ஒரு கட்டாகச் சேருங்கள். ஒரு வக்கீலுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கூலி வீணாகாது. இரண்டு மாதம் மகள் சொன்னபடி நீங்களே முயலுங்கள். வீடு காட்ட ஞாயிறு ஒரு நாள் வையுங்கள். பிள்ளைகளில் ஒருவர் கூட இருக்கட்டும். ஆகாவிட்டால் தரகரிடம் போங்கள். ஆனால் 100-க்கு இவ்வளவு என்று எழுத்தில் இருக்கட்டும், மேல் விலைப் பேச்சு வேண்டாம், கிரயம் பதிவான அன்று கூலி, அதற்கு முன் இல்லை.

கடிதத்தின் ஓரத்தில் அம்மையார் இன்னொன்றும் எழுதியிருந்தார். தெருக்காரர்கள் இருவர் வந்து, "யாருக்கு விற்றாலும் பார்த்து நம்மவர்களுக்கே விற்கவேண்டும், வேறு ஜாதியார் வந்தால் தெரு கெட்டுவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். தரகரும், "அதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன், ஜாதி விசாரித்துத்தான் ஆளைக் கூட்டி வருவேன்" என்றாராம். அதற்கு அம்மையார், "வீடு கட்டினபோது செங்கல் சுமந்தவர்கள், சாந்து பூசினவர்கள் எந்த ஜாதி என்று நீங்கள் யாரும் வந்து கேட்கவில்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கின்றார். மறுநாளே பலகையை அவரே எழுதி வாசலில் மாட்டிவிட்டாராம்.