நாலரை நட்சத்திரத்தை நம்பி நங்கூரம் போடலாமா?

எங்களில ஒருத்தரிட்டையும் பாய்ப்படகு இல்லை. பிறகேன் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுகிறவர்கள் வாசிக்கிற சஞ்சிகைகளைப் பற்றி எழுதுறம்? நாங்களும் விமர்சனம் எழுதுகிறவர்கள் எண்டபடியால்தான். ஒரு நாவலைப் பிழையாகப் புகழ்ந்தால் வாசகருக்கு இரண்டு நாளும் கொஞ்சக் காசும் நட்டம். நங்கூரத்தைப் பிழையாகப் புகழ்ந்தால் ராக்காத்தில் படகு பாறையில் போய் ஏறும்.

பெரும்பாலான படகுச் சஞ்சிகைகள் ஓடுறதே விளம்பரக் காசில. விளம்பரம் தாறது ஆர்? படகும் நங்கூரமும் விக்கிறவர். ஓட்டிப் பார்க்கப் புதுப்படகு தாறதும் பல நேரம் அவர்தான். காற்று அளவாக வீசுற ஒரு நாளில, கொம்பனி ஆளும் கூட நிக்க, சில மணித்தியாலம் ஓட்டிவிட்டு எழுதுறதுக்குப் பேர் விமர்சனமா? அது விருந்துக்குப் போய் வந்தவர் வீட்டைப் பற்றிச் சொல்லுற கதை. கூரை எங்க ஒழுகுது எண்டு மாரி முழுக்க அங்க இருந்தவரைத்தான் கேக்க வேணும்.

எல்லாரும் பொய் எழுதுகினம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. பொய் தேவையே இல்லை. எதை, எங்கே சோதிக்கிறது எண்டதைத் தெரிவுசெய்தாலே காணும். 2014 இல் ஃபோர்ட்ரெஸ் என்ற அமெரிக்க நங்கூரக் கொம்பனி, செசபீக் விரிகுடாவின் மெத்தென்ற சேற்றில் பல கொம்பனிகளின் நங்கூரங்களை இழுத்துப் பார்த்தது. சஞ்சிகைக்காரரையும் கப்பலுக்கு அழைத்தது. கூடுதல் பிடி காட்டியது ஃபோர்ட்ரெஸ்தான். அளவீடு எல்லாருக்கும் முன்னால்தான் நடந்தது. அந்தச் சேற்றுக்கு அந்த முடிவு சரிதான். அகலத் தட்டுள்ள அந்த வகை சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்பதும் படகோட்டிகளுக்கு முன்பே தெரிந்த விசயம். ஆனால் சேற்றைத் தெரிவுசெய்தது ஆர்? கல்லிலும் கடற்புல்லிலும், காற்றுத் திசை மாறிப் படகு சுழலும்போதும் கதை வேற. ‘முதலிடம்’ எண்ட ஒரு சொல் இதையெல்லாம் விழுங்கிப்போடும்.

இன்னொன்று, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பம்ப். மணித்தியாலத்துக்கு இத்தனை கலன் எண்டு பெட்டியில் போட்டிருக்கும். தண்ணீரை மேலே தூக்காமல், பற்றரி முழுப்பலத்தோட இருக்கும்போது எடுத்த கணக்காகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். படகில் குழாய் வளைந்து வளைந்து மேலே ஏறவேணும், பற்றரியும் இறங்கும். இறைக்கிற அளவு நல்லாக் குறையும். பெட்டியில் உள்ளதைப் பார்த்து எழுதுகிற விமர்சனம், தண்ணீர் முழங்காலுக்கு வரேக்க ஒருத்தருக்கும் உதவாது.

வேற மாதிரிச் செய்யேலாதா? செய்திருக்கினம். 1974 இல் தொடங்கிய பிரக்டிக்கல் செய்லர் கொம்பனிகளிட்ட விளம்பரம் வாங்காமல் நடந்த சஞ்சிகை. வாசகர் கட்டின சந்தாவில் நிண்டது. பாசியும் சிப்பியும் பிடிக்காமல் படகின் அடிப்பக்கத்துக்குப் பூசுகிற பெயின்றுகளைப் பலகைகளில் பூசி, மாதக்கணக்காகக் கடலுக்குள் தொங்கவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னது. விளம்பரம் போடுற சஞ்சிகையாலயும் ஏலும். இங்கிலாந்தின் யொட்டிங் மந்த்லி ஒரு பழைய நாற்பதடிப் படகைத் தரைதட்ட வைத்து, கவிழ்த்து, பாய்மரம் முறித்து, ஓட்டை போட்டு, கடைசியில் சமையல் வாயுவால் வெடிக்கவும் வைத்துக் காட்டியது. ஆபத்தில் எது வேலை செய்யும், எது செய்யாது எண்டு வாசகர் கண்ணால கண்டார்கள்.

“விளம்பரம் இல்லாட்டிச் சஞ்சிகையை மூடவேண்டியதுதான்” என்பார்கள். சரி, விளம்பரம் போடுங்கோ. ஆனால் பொருளை ஆர் தந்தது, எத்தனை நாள் பாவித்தது, எது உடைஞ்சது எண்ட மூன்றையும் விமர்சனத்தின் தலையிலேயே எழுதுங்கோ. வருசம் முழுக்க ஒரு பொருளைக்கூட ‘வாங்காதேங்கோ’ எண்டு சொல்லாத சஞ்சிகை, விக்கிறவரின்ர விலைப்பட்டியல்தான். வாசகரும் நட்சத்திரத்தை விட்டிட்டு அளவீட்டு அட்டவணையைப் பார்க்க வேணும். அட்டவணையே இல்லாட்டிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

இதைச் சொல்லிப்போட்டு நாங்கள் தப்பேலாது. நண்பரின் புத்தகத்தை வெளியீட்டு விழாவில் இனாமாக வாங்கி, அடுத்த கிழமையே ‘முக்கியமான வரவு’ எண்டு நாங்களும் எழுதியிருக்கிறம். இனிமேல் எங்கட விமர்சனங்களின் தலையிலும் இருக்கும்: புத்தகத்தை ஆர் தந்தது, எழுதினவர் எங்களுக்கு என்ன உறவு. இல்லாட்டி, நீங்கள் கேளுங்கோ.