டென்வரில் வணிகம், வாஷிங்டனில் குற்றம்

அமெரிக்காவின் டென்வர் நகரில் 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் பெற்ற கடையில் வரி செலுத்திக் கஞ்சா வாங்கலாம், ரசீதும் தருவார்கள். அதே பொட்டலத்துடன் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தால் அவர் குற்றவாளி. பூங்கா இருப்பதும் கொலராடோ மாகாணத்தில்தான். ஆனால், நிலம் கூட்டாட்சி அரசினுடையது. அங்கே 1970-ஆம் ஆண்டின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமே செல்லும். அந்தச் சட்டம் கஞ்சாவை ஹெராயினுடன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது.

2012 நவம்பரில் கொலராடோ, வாஷிங்டன் மாகாணங்களின் வாக்காளர்கள் பொழுதுபோக்குக்கான கஞ்சாவை அனுமதித்தார்கள். இன்று 24 மாகாணங்கள் அந்த வழியில் இருக்கின்றன. எந்த அரசின் சட்டம் மேலோங்கும் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2005-லேயே விடை சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் மருத்துவத் தேவைக்காக வளர்த்த ஆறு செடிகளைக் கூட்டாட்சி அதிகாரிகள் அழித்த வழக்கில், வீட்டுத் தோட்டம்வரை கூட்டாட்சிச் சட்டம் பாயும் என்றது. அதற்குப் பிறகும் அந்தச் சட்டம் பெரும்பாலும் உறங்குகிறது. ஒபாமா அரசு 2013-இல் ஒரு சுற்றறிக்கை மூலம் கண்டுகொள்ளாமல் இருந்தது. டிரம்ப்பின் அட்டர்னி ஜெனரல் 2018 ஜனவரியில் அதைக் கிழித்துப் போட்டார். கோடிக்கணக்கானோரின் சுதந்திரம் ஓர் அதிகாரியின் கடிதத்தில் தொங்குவதைச் சட்டத்தின் ஆட்சி என்று யாரும் அழைக்க முடியாது.

வணிகர்கள் படும்பாடு ஊரறிந்தது. வங்கிகள் தயங்குவதால் ரொக்கத்திலேயே புழங்குகிறார்கள். போதைப்பொருள் கடத்துபவர்களைக் குறிவைத்து 1982-இல் வந்த வரி விதி ஒன்று, உரிமம் பெற்ற கடைக்காரர் கடை வாடகையையும் ஊழியர் சம்பளத்தையும் செலவாகக் கழிக்கவிடாமல் தடுத்தது. ஆனாலும், அவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் அடிபடுகிறவர்கள் வேறு. அரசு மானிய வீட்டில் குடியிருக்கும் ஏழை, மாகாணச் சட்டப்படி புகைத்தாலும் வீட்டை இழக்கலாம். குடியேறியவர்களின் நிலை இன்னும் மோசம். கடையில் வாங்கிப் பயன்படுத்தியதை அதிகாரியிடம் உண்மையாக ஒப்புக்கொண்டாலே, தண்டனை எதுவும் இல்லாமல், கிரீன் கார்டு கைநழுவலாம். கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதே குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’க்குப் பாதகமாகலாம் என்று குடியேற்றத் துறை 2019-இல் அறிவித்தது. கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் விசாவில் வாழும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். பக்கத்து மேசை அமெரிக்கருக்கு வார இறுதிக் கேளிக்கை. இவர்களுக்கு ஊர் திரும்பும் பயணச்சீட்டு.

கஞ்சா நல்லது என்று நாம் வாதாடவில்லை. வளரும் மூளைக்கு அது கேடு என்பதில் மருத்துவர்களுக்கு ஐயமில்லை. ஒரே தெருவில் ஒரே செயலுக்கு இரண்டு அரசுகள் இரண்டு பெயர் வைப்பதுதான் நம் ஆட்சேபம். பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸே 2021-இல் இந்த அரைகுறை நிலையைச் சாடினார்.

கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு இறக்க 2024-இல் நீதித்துறை முன்மொழிந்தது. அதனால் கடைக்காரர்களின் வரிச்சுமை குறையும், அவ்வளவே. மூன்றாம் பட்டியலிலும் பொழுதுபோக்குக் கடை சட்டவிரோதம்தான். தீர்வு நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது: கஞ்சாவைப் பட்டியலிலிருந்தே நீக்கி, முடிவை மாகாணங்களிடம் விட வேண்டும். குடியேற்றச் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

இது புதிய யோசனையல்ல. 1933-இல் மதுவிலக்கு நீக்கப்பட்டபோது இதைத்தான் செய்தார்கள். விரும்பாத மிசிசிப்பி 1966 வரை மதுவிலக்கைத் தொடர்ந்தது. கொலராடோவின் கஞ்சா எல்லை தாண்டி வருவதாக நெப்ராஸ்காவும் ஒக்லஹோமாவும் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்க மறுத்தது. அவற்றின் கவலைக்கும் 1933-இன் திருத்தத்திலேயே முன்மாதிரி உண்டு: தடைசெய்த மாகாணத்துக்குள் மதுவைக் கொண்டுவருவதை அது அரசியல் சாசனத்திலேயே தடுத்தது.