பாசிமணி மாட்டிய பொய்கள்

தமிழ் சினிமாவுக்கு நரிக்குறவர் என்றால் ஒரு பாட்டு, ஒரு 'சாமியோவ்'. அவ்வளவுதான். 1968இல் 'ஒளி விளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேஷம் கட்டி ஆடினார்கள். ரெண்டு பேருமே பின்னால் முதலமைச்சர் ஆனார்கள். நரிக்குறவர்களோ பழங்குடிப் பட்டியலில் ஏற 2023 வரை காத்துக் கிடந்தார்கள். அதே வருஷம் மார்ச் கடைசியில், சென்னைத் தியேட்டர் ஒன்றின் வாசலில், டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடவில்லை. சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. திரையில் அவங்க வேஷம் ஆடலாம்; நாற்காலியில் அவங்க உட்காரக் கூடாது!

"கலையிலயுமா சாதி பாக்குறீங்க?" என்பார்கள் முற்போக்கு நண்பர்கள். சரி, அவர்கள் கொண்டாடிய 'ஜெய்பீம்' (2021) படத்துக்கே வருவோம். லாக்கப் கொலையைத் துணிந்து பேசிய படம், மறுக்கவில்லை. ஆனால் 1993இல் போலீசார் அடித்துக் கொன்ற ராசாக்கண்ணு குறவர். படத்தில் அவர் இருளர். ஏன் மாற்ற வேண்டும்? என் சந்தேகம் இது: எலி பிடிக்கிற, பாம்பு பிடிக்கிற, கள்ளங்கபடமற்ற இருளருக்காக அழுவது நடுத்தர வர்க்கத்துக்குச் சுலபம். குறவர் என்றால் உடனே கண்ணீர் வராது, சந்தேகம்தான் வரும். குற்றப்பரம்பரைச் சட்டம் ஒழிந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சட்டம் குத்திய முத்திரை பார்வையாளன் மண்டையில் அப்படியே இருக்கிறது. அந்தச் சந்தேகத்தோடு மோதுவதுதானே கலை? பெயரை மாற்றித் தப்பித்துக்கொண்டார்கள். அந்த இருளர் பாத்திரங்களிலும், முக்கியமான ரெண்டிலும் இருளர் இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. கடன் மனுவோடு ஓர் இருளப் பெண் வந்தார். "இவங்களுக்குக் குடுத்தா ராவோடு ராவா கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார் மேலதிகாரி. அந்தப் பெண் பிறந்ததே பக்கத்து ஊர் ஏரிக்கரையில். அதிகாரி அந்தக் குடியிருப்பில் காலே வைத்ததில்லை. அப்புறம் கூடாரம் எங்கிருந்து வந்தது? எந்தப் படத்திலிருந்து?

இது கடன் மறுப்போடு நிற்பதில்லை. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தபோது, சந்தனக்கட்டை கடத்துகிற ஊர் என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மலைவாசியா, கடத்தல்காரன்தான். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் சொன்னது 2011இல். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்தப் பொய்யை உடைக்க அந்தப் பெண்கள் எத்தனை தடவை சாட்சிக்கூண்டு ஏற வேண்டியிருந்தது!

ஆகவே, தோழர்களே, 'நல்லவிதமாகக் காட்டுங்கள்' என்று கெஞ்சுவது நம் வேலை இல்லை. அப்பாவியாகக் காட்டுவதும் அவமானம்தான். கேமராவை யார் பிடிக்கிறார்கள், செய்தியை யார் எழுதுகிறார்கள், எடிட்டிங் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்போம். அரசு திரைப்படக் கல்லூரியிலும் தொலைக்காட்சிச் செய்தி அறைகளிலும் பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மாணவர்கள் கணக்கெடுத்து வரட்டும், இந்த இதழிலேயே அச்சிடுவோம். நரிக்குறவருக்கு வாக்ரிபோலி என்று சொந்த மொழி இருக்கிறது. அதில் அவங்க படம் எடுக்கட்டும். கீழே தமிழ் எழுத்து ஓடட்டும், நாம படிச்சுக்கிறோம்.