பள்ளிகளை ஆள எது தகுதி?

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் சுமார் 3 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். மராத்தி, இந்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என 8 மொழிகளில் பாடம் நடக்கிறது. 2025-26ஆம் ஆண்டில் கல்விக்கென்று மாநகராட்சி ஒதுக்கிய தொகை 3,900 கோடி ரூபாய்க்கும் அதிகம்.

இவ்வளவையும் கட்டி மேய்க்க வேண்டியவர் கல்வி அதிகாரி. அவருக்கு என்ன தகுதி வேண்டும்? தாராவித் தொழிலாளியும் செம்பூர் குமாஸ்தாவும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மேலிடத்து விவகாரம் நமக்கேன் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால், ஒரு தமிழ் வகுப்பு நடக்குமா, மூடப்படுமா என்பதை முடிவு செய்வதே மேலிடத்துக் கையெழுத்துதான்!

ஓர் உதாரணம் பார்ப்போம். “தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம்” என்று மேசைக்கு ஒரு கோப்பு வருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் உடனே கையெழுத்திடுவார். வகுப்பறையில் நின்று பழகியவர் வேறு கேள்விகள் கேட்பார். அந்தப் பள்ளிக்குப் போக 6 வயதுக் குழந்தை 90 அடி சாலையைத் தனியாகத் தாண்ட வேண்டுமா? விடியுமுன் இட்லி அவித்து விற்கப் போகும் தாய், பிள்ளையைக் கொண்டுபோய் விட முடியுமா? பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? ஆங்கில மோகத்தாலா, ஓய்வு பெற்ற ஆசிரியரின் இடம் நிரப்பப்படாததாலா, மேல்வகுப்பைத் தமிழில் தொடர முடியுமா என்ற பயத்தாலா? நோய் தெரியாமல் மருந்து கொடுக்க முடியுமா?

அப்படியானால் ஆசிரியராக இருந்துவிட்டால் போதுமா? போதாது. கட்டடம், கொள்முதல், சம்பளம், வழக்கு என்று ஆயிரம் வேலை. நல்லாசிரியர் ஒருவர் டெண்டரில் ஏமாந்தால் பிள்ளைகளுக்குக் கிழிந்த பைதான் கிடைக்கும். வெளியிலிருந்து வரும் நிர்வாகி ஊழலை அடக்குவார் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

நியூயார்க் நகரம் இதைச் சோதித்துப் பார்த்தது. அங்கே பள்ளித் தலைமைக்குக் கல்வித் துறைத் தகுதி வேண்டும் என்பது சட்டம். 2002இல் மேயர் புளூம்பெர்க், ஜோயல் கிளைன் என்ற வழக்கறிஞரை அந்த விதியிலிருந்து விலக்குப் பெற்று நியமித்தார். அவர் 8 ஆண்டுகள் நீடித்தார். அவருக்குப் பின் வந்த கேத்தி பிளாக், பத்திரிகை நிறுவன நிர்வாகி. கல்வி தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டின் பேரில்தான் அவருக்கு விலக்குக் கிடைத்தது. அப்படியும் பதவியேற்ற சுமார் 3 மாதத்தில், 2011 ஏப்ரலில் அவர் விலக நேர்ந்தது. வியாபாரத் திறமை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு உதவாது என்பதை அந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது.

தமிழ்நாட்டின் கதை வேறு. நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை ஆய்வாளராகப் பள்ளி பள்ளியாகச் சுற்றியவர். பிறகு அந்தத் துறைக்கே இயக்குநர் ஆனார். காமராசர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதை ஊர் ஊராக நடத்திக் காட்டியவர் அவர். பசித்த பிள்ளையின் முகத்தை நேரில் கண்டவருக்குப் புள்ளிவிவரம் சொல்லித் தரவேண்டியதில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு, பள்ளிக்கல்வி இயக்குநருக்குப் பதிலாக ஐ.ஏ.எஸ். ஆணையரை அமர்த்தியது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2023இல் இயக்குநர் பதவி திரும்ப வந்தது.

இவற்றிலிருந்து மும்பை கற்கவேண்டிய பாடம் என்ன? கல்வி அதிகாரிக்கு மூன்று தகுதிகள் வேண்டும். ஒன்று, சில ஆண்டுகளாவது சாக்கட்டி பிடித்த கை. இரண்டு, கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த கண். மூன்று, 8 மொழிப் பிள்ளைகளையும் ஒன்றுபோல் பார்க்கும் மனம். அவருக்கு 8 மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தந்த மொழி ஆசிரியர்களை அழைத்துக் கேட்காமல் அந்த மொழிப் பள்ளியைத் தொடக்கூடாது என்ற நெறி இருந்தால் போதும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் சில ஆண்டுகள் அவரை அசைக்காமல் வைத்திருக்கவும் வேண்டும். பள்ளிகளின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் மாற்றினால் யார்தான் என்ன செய்ய முடியும்?

இதைக் கேட்க மக்களுக்கு வழி உண்டா? உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்கவேண்டும். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் ஏறத்தாழ 4 ஆண்டுகள் மும்பை அதிகாரிகளின் ஆட்சியில் இருந்தது. 2026 ஜனவரியில் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவரின் வாசலுக்கு இனி ஓட்டுப் போட்டவர் போகலாம்.

ரேஷன் அரிசியில் கல் இருந்தால் சண்டை போடுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் வார்டு ஆபீசுக்குப் போகிறோம். பிள்ளையின் படிப்பு அதைவிடக் குறைந்ததா? குழுக் கூட்டம் நடக்கும் நாளில் அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று தாராவிப் பெற்றோர் போய் உட்காரவேண்டும். “எங்கள் பிள்ளைகளின் பள்ளிகளை நடத்துபவர் எத்தனை ஆண்டு பாடம் நடத்தினார்?” என்று கேட்கவேண்டும். அடுத்த தமிழ் வகுப்பை மூடும் கோப்பு மேசைக்கு வருமுன் இந்தக் கேள்வி அங்கே போய்ச் சேரட்டும்!