விதைக்கும் ஒரு வீடு வேணும்



ரசாயனத்தை விட்டோம். விதையை நாமே எடுத்து வைக்கிறோம். ஆனா அந்த விதையை எங்கே வைக்கிறோம்? இதை நம்ம கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. நானும் பட்ட பிறகுதான் பேசுகிறேன்.

எங்க ஊர் ஆரணிக்குப் பக்கம். தாத்தாவின் மண் வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினேன். மாடியில் தகரம் போட்ட அறையில் சீரகச் சம்பா விதைநெல்லை மூட்டை கட்டி வைத்தேன். கோடை முடிந்து முளைப்பு பார்த்தால், நூற்றுக்கு நாற்பதுகூட வரவில்லை. சூடும் ஈரமும் சேர்ந்தால் விதையின் உயிர் போய்விடும். அந்தத் தகர அறையில் இரண்டுமே இருந்தது.

அந்தக் கவலையோடு ஆரணியில் பட்டு நெய்கிற ஒருவர் வீட்டுக்குப் போனேன். பழைய ஓட்டு வீடு, குழித்தறி. உச்சி வெயிலிலும் உள்ளே குளுமை.

"என்னண்ணா, உங்க வீட்ல மட்டும் வெயில் அடிக்கலையா?"

"பட்டு இழை காய்ஞ்சா அறுந்துடும் தம்பி. இந்தக் குழியோட ஈரமும் மண் தரையும்தான் இழையைக் காப்பாத்துது. வீடு சரியில்லன்னா தறி ஓடாது" என்றார்.

அப்பதான் உறைத்தது. நெசவாளிக்கு வீடும் ஒரு கருவி. கூடத்தின் நீளம், சன்னலின் இடம் எல்லாம் தறியைப் பார்த்து வைத்தது. நம்ம முன்னோர் வீடும் அப்படித்தான். திண்ணை, குதிர், பத்தாயம் எல்லாம் உழவுக்காக. நாமதான் உழவுக்கு உதவாத பெட்டியைக் கட்டி, அதற்குக் கடனும் கட்டுகிறோம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு விதை அறை கட்ட முடிவு செய்தேன். மேல்மண் பயிருக்கு, அதைத் தொடக்கூடாது. ஒரு அடிக்குக் கீழே தோண்டிய மண்ணை பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படிந்தது. பிறகு, புது ரகத்தை முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்போமே, அதுபோல முழங்கால் உயரத்தில் மூன்று சுவர் வைத்தோம். களி அதிகமான சுவர் வெடித்தது. மணல் அதிகமானது மழையில் கரைந்தது. இரண்டையும் அளவாகக் கலந்து, நறுக்கின வைக்கோல் போட்டு மிதித்த மூன்றாவது நின்றது. அதே கலவையில் அறையை எழுப்பி, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பு பூசினோம். இடித்த வீட்டுப் பனஞ்சட்டத்தின் மேல் நாட்டு ஓடு.

அலமாரிக்குப் பழைய தறிமரம் வாங்கினேன். விறகு விலைக்குக் கொடுத்தார்கள்! தறி செய்கிற ஆசாரி ஒருவர் ஆணியே இல்லாமல், துளை போட்டுப் பொருத்தி, ஆப்பு அடித்துக் கொடுத்தார். "தறி வேலைன்னு யாரும் வந்து நாலு வருசம் ஆச்சு. இப்படி ஏதாவது கொடுங்க, இல்லன்னா கை மறந்துடும்" என்றார். விதை மாதிரிதான் கைத்திறனும். போட்டு எடுக்காவிட்டால் முளைப்பு போய்விடும்.

இந்த வருசம் நூற்றுக்கு எண்பத்தெட்டு முளைத்தது. குறையும் சொல்கிறேன். நாள் அதிகம் பிடித்தது, கூலியும் கூடுதல். வருசா வருசம் ஓடு மாற்றணும், கரையானைப் பார்த்துக்கணும். ஆனா கொடுத்த கூலி ஊருக்குள்ளேயே நின்றது.

இது புதுசு இல்லை. கிராமத்து வீடுகளை ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளில் கட்டணும் என்று காந்தி 1937-லேயே 'ஹரிஜன்' இதழில் எழுதினார். லாரி பேக்கர் அந்த வழியில்தான் கேரளத்தில் வீடு வீடாகக் கட்டிக் காட்டினார். ஆரோவில் மண் கட்டடக் கழகம் மண்ணோடு 5 சதவீதம் அளவுக்கு சிமெண்ட் சேர்த்து, அழுத்தி, சூளையில் சுடாமலே கல் செய்யக் கற்றுத் தருகிறது.

குடிசை இல்லாத தமிழ்நாடு என்று 2024-ல் வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டம் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. ஏழைக்கு ஒழுகாத வீடு வேணும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா கூரை கான்கிரீட்டாகத்தான் இருக்கணுமா? விரும்புகிறவர் மண் கல்லிலும் ஓட்டிலும் கட்ட அதே பணத்தைக் கொடுங்கள் என்று நம் இயக்கம் கேட்கணும். கேட்டால் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேலை வரும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இரண்டு. வருகிற மழைக்கு முன்னால் உங்கள் மண்ணில் முழங்கால் உயரம் ஒரு சுவர் வைத்துப் பாருங்கள். வரப்பில் பத்துப் பனை விதை ஊன்றுங்கள். பனை சட்டத்துக்கு முற்ற ஒரு ஆயுசு ஆகும். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசும் அறிவித்துவிட்டது. இன்றைக்கு ஊன்றினால்தான் பேரன் வீட்டுக்குக் கூரை.